திருச்சியிலிருந்து வேதாரண்யம்: அறுபதுக்குப் பிறகு உப்புச் சத்தியாக்கிரகப் பாதை

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சி கண்டோன்மென்டில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் கடலை நோக்கிக் கிளம்பினார்கள். தலைமை தாங்கிய ராஜாஜிக்கு வயது 51. நெடுநாளாக ஆஸ்துமாவோடு போராடியவர். அதற்கு ஒரு மாதம் முன்பு சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்த காந்திக்கு 60 முடிந்து 61 நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே அவர்தான் மூத்தவர். இந்தியாவை உலுக்கிய இரண்டு நடைகளுக்கும் தலைமை ஏற்றவர்கள் இளைஞர்கள் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு இந்தப் பாதையில் கால் வைக்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, வேகம். ராஜாஜி குழு திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சுமார் 240 கிலோமீட்டரை 15 நாளில் கடந்தது. நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர். காந்தியின் குழு 240 மைலுக்கு 24 நாள் எடுத்துக்கொண்டது. நாளுக்குப் பத்து மைல், அதையும் காலை ஒரு பகுதி, மாலை ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை நடை கிடையாது. வெயில் நாட்டில் தொடர்ந்து நடப்பது எப்படி என்று அறிந்தவர்கள் போட்ட அட்டவணை அது. விடியலில் நடை, உச்சியில் நிழல், சாயங்காலம் கொஞ்சம் நடை, வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. இருபது வயதுக்காரருக்கு இது மெதுவாகத் தெரியலாம். அறுபதைத் தாண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான அட்டவணை வேறில்லை.

வயதில் நடந்து காட்டியவர்கள் வேறு சிலரும் உண்டு. வினோபா பாவே பூமிதான யாத்திரையை 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கியபோது அவருக்கு 55 வயது. பதின்மூன்று ஆண்டுகள் நடந்தார்; அந்த நடை தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் வந்தது. அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்கு ஒரு குளியலறைத் திரைச்சீலை. அவ்வளவுதான் அவருடைய சாமான். பிறகு அதே பாதையை இன்னும் இருமுறை முடித்தார். மூன்றாவது தடவை ஒரே மூச்சில் நடக்காமல் துண்டு துண்டாக முடித்தபோது வயது 75. துண்டு துண்டாக நடப்பது குறைந்த நடை ஆகிவிடாது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. உப்புப் பாதையையும் அப்படியே மூன்றாகப் பிரிக்கலாம்: திருச்சி முதல் தஞ்சை, தஞ்சையிலிருந்து கும்பகோணம் வழியாக மன்னார்குடி, மன்னார்குடியிலிருந்து வேதாரண்யம். ஓராண்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் மூன்றாண்டில் பாதை முழுவதும் கால்பட்டுவிடும்.

எந்த மாதம்?

வரலாற்றை அப்படியே பின்பற்ற விரும்புபவர்கள் ஏப்ரல் 13 என்று அடம் பிடிப்பார்கள். வேண்டாம். ஏப்ரல் பாதியில் திருச்சி, தஞ்சைப் பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தொடப் பார்க்கும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும்; உடம்பு காய்ந்துபோனது தெரியாமலே இன்னும் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவில் அப்போது நடந்தால் சேறு, வெள்ளம், புயல் எச்சரிக்கை.

ஆகவே பொங்கல் முடிந்து தை மாதத்தின் பிற்பகுதியும் மாசியும்தான் சரியான காலம். காலையில் பனி இருக்கும், பகல் வெயில் தாங்கும். சம்பா அறுவடை நடக்கும். கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள். ஒரு பெண் காலால் அளைந்து அளைந்து நெல்லைத் திருப்பிவிட்டுக்கொண்டே போவார், பின்னால் கோடு கோடாக உழவு போட்டது மாதிரி தடம் விழும். அந்த நெல்லை மிதிக்காமல் ஓரமாகப் போக வேண்டும். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் இதே பருவத்தில் சாலையில் இருப்பார்கள். நடந்து வருபவர் என்றால் தண்ணீர் கொடுத்து, திண்ணையில் உட்காரச் சொல்லும் பழக்கம் இந்த ஊர்களுக்கு நெடுங்காலமாக உண்டு.

பன்னிரண்டு வாரத் தயாரிப்பு

மருத்துவரைப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு இவற்றைப் பார்த்துவிட்டு, "தினமும் 12 கிலோமீட்டர், மூன்று வாரம்" என்று எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. "நடக்கலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால் எவரும் நடக்கலாம் என்றுதான் சொல்வார். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வருகிறவர்கள், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைச் சரிசெய்த பிறகே யோசிக்கலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், நடை நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமான அளவோடு நீண்ட நடையும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று கீழே இறங்கிவிடும். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். முதுகுப்பையின் அடியில் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் கை எட்டாது.

அறுபத்தைந்து தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அந்த அளவு ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் போதும். முதல் வாரம் நாளுக்கு 4 கிலோமீட்டர், ஐந்தாம் வாரம் 8, ஒன்பதாம் வாரம் 12. கடைசி மூன்று வாரங்களில் தொடர்ந்து இரண்டு நாள், பிறகு மூன்று நாள் 12 கிலோமீட்டர் நடந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் 15 நடந்துவிடுவது பெரிதில்லை. மறுநாள் காலை எழுந்து மறுபடி 12 நடக்க முடிகிறதா என்பதே தேர்வு. ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பது, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுவது போன்ற சின்னப் பயிற்சிகளை அலட்சியம் செய்யக் கூடாது. டெல்டாச் சாலைகளில் தார் ஓரம் ஒரு சாண் இறக்கமாக முடியும் இடங்கள் நிறைய. லாரி வரும்போது அங்கே இறங்கி ஏற முழங்காலும் கணுக்காலும் உதவ வேண்டும்.

ஷூவைக் கிளம்பும் வாரத்தில் வாங்கக் கூடாது. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், நுனியில் அரை விரல் இடம் விட்டு வாங்கி, இரண்டு மாதமாவது அதிலேயே பயிற்சி நடக்க வேண்டும். பருத்தி காலுறை வியர்வையில் ஊறிக் கொப்புளம் போடும். விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் செயற்கை இழைக் காலுறை மேல். ஒவ்வொரு இரவும் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் வெளிச்சத்தில் பார்ப்பது கட்டாயம். சர்க்கரைக்காரர்கள் ஒரு கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குக் கொப்புளம் வந்ததே வலியால் தெரியாமல் போகலாம். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுச் சுட்ட கல்லில் நடப்பதும் அவர்களுக்கு ஆகாது. தரிசனத்தைக் காலையிலோ இருட்டிய பிறகோ வைத்துக்கொள்ளலாம்.

பையில் ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். குடை, துண்டு, இரண்டு செட் துணி, டார்ச், மாத்திரைகள், மருந்துச் சீட்டின் நகல், ஆதார் நகல், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் மட்டமாக அளந்து போட்டுக் கலக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை எவ்வளவு குடிக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு நடப்பது இந்த வயதில் செய்யவே கூடாத காரியம். உடம்பில் நீர் குறைந்த நிலையில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வலி இரண்டாம் நாளும் குறையவில்லை என்றால் மருந்து தேவையில்லை, ஓய்வுதான் தேவை.

பாதை

கீழே சொல்லியிருப்பது இன்றைக்கு நடக்க வசதியான வழி. மொத்தம் சுமார் 210 கிலோமீட்டர். நாளுக்கு 10 முதல் 13 கிலோமீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால் மூன்று வாரம். அன்றைய தொண்டர்கள் பிரசாரத்துக்காக ஊர் ஊராகத் திரும்பிப் போனதில் தூரம் கூடியது.

திருச்சியிலிருந்து காவிரிக்கரையாகக் கல்லணை வரை இரண்டு நாள். முதல் நாளே கல்லணையைப் பிடித்துவிடும் ஆசை வரும்; அடக்க வேண்டும். கல்லணையில் அரை நாளாவது தங்கி ஆறு பிரிவதைப் பார்க்க வேண்டும். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் மூன்றும் இங்கே கை பிரிகின்றன. நான்காவதாகப் புறப்படும் கல்லணைக் கால்வாய், தஞ்சைக்காரர்கள் சொல்லும் புது ஆறு, 1930இல் ஓடவில்லை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல்தான் திறக்கப்பட்டது. தொண்டர்கள் கண்ட காவிரி மேட்டூருக்கு முந்தைய காவிரி.

அடுத்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. இந்தப் பாதையிலேயே நிழலும் நீரும் அதிகம் உள்ள பகுதி இது. அவசரப்படாமல் மூன்று நாள் கொடுக்கலாம். திருவையாற்றில் பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வா கிடைக்கும், ஒரு கரண்டி போதும். அங்கிருந்து தஞ்சைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரே காலை நடை. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைப் பாலம் பாலமாகக் கடக்கலாம். பேருந்தில் போகிறவருக்கு அந்த ஐந்தையும் எண்ணக்கூட நேரம் கிடைக்காது.

தஞ்சையில் ஒரு நாள் ஓய்வு. இந்த மாவட்டத்தில் அடி வைத்ததும்தான் அன்றைய நடைக்கு உண்மையான சோதனை வந்தது. கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று ஊரெங்கும் அறிவித்திருந்தார். மக்கள் பணியவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் எந்த மரத்தைக் கேட்கும்? இலையில் மடித்து நாரால் இறுக்கிய அந்தப் பொட்டலங்களைத் தொண்டர்கள் கிளையிலிருந்து அவிழ்த்துப் பசியாறினார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைக்கவும் இல்லை. தம் வீட்டிலேயே வெளிப்படையாகத் தங்கவைத்து உபசரித்தார், ஆறு மாதம் சிறை சென்றார். வேதாரண்யம் என்றதும் உப்பு அள்ளிய காட்சியே பாடப்புத்தகத்தில் வருகிறது. ஆனால் பெயர் தெரியாத அந்த வீடுகளின் அடுப்பு எரிந்திராவிட்டால் நூறு பேரால் பதினைந்து நாள் நடந்திருக்க முடியாது. இந்தப் பாதையில் நடப்பவர்கள் நினைவில் வைத்து வணங்க வேண்டிய முதல் பெயர்கள் அந்தப் பெயரில்லாதவர்களுடையவைதான்.

தஞ்சை–கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். அய்யம்பேட்டை வரை பதினைந்து, பாபநாசம் வரை பத்து, கும்பகோணம் வரை பதினைந்து. பதினைந்து வரும் நாளை இரண்டாகப் பிரித்து, பாதியை மறுநாளைக்கு ஒதுக்கினாலும் குறையொன்றும் இல்லை. போக்குவரத்து மிகுந்த சாலை இதுதான். இருட்டில் நடந்தால் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். எதிரில் வரும் வண்டியைப் பார்க்கும்படி வலப்பக்கமாக நடக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இருப்புப்பாதை கூடவே வருகிறது. அய்யம்பேட்டை, பாபநாசம், சுவாமிமலை, தாராசுரம் எல்லாவற்றிலும் நிலையம் இருக்கிறது. கால் முடியாத நாளில் அங்கேயே நிறுத்தி ரயிலிலோ பேருந்திலோ தங்கும் ஊருக்குப் போய், மறுநாள் காலை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்து தொடரலாம். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. இந்த ஏற்பாட்டில் தங்குமிடக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்: தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களில் மட்டும் அறை எடுத்தால் போதும், ஒவ்வொரு சிற்றூரிலும் இடம் தேடி அலைய வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக நீடாமங்கலம், பிறகு மன்னார்குடி. வயல்வெளி திறந்து கிடக்கும். பத்து மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். மன்னார்குடியில் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சாயங்காலம் ஒரு சுற்று சுற்றி வந்தாலே மாலை நடைக் கணக்கு தீர்ந்துவிடும், அவ்வளவு பெரிய குளம். அடுத்து கோட்டூர் வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குக் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர், மூன்று காலை.

நாய்கள் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலை நடையில் எங்கும் எதிர்ப்படும். ஓடாமல், கைத்தடியைத் தரையில் ஊன்றியபடி நின்று, மெல்ல விலகிப் போக வேண்டும். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நடை அதற்குப் பிறகுதான்.

கடைசி 37 கிலோமீட்டர்

திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் நிலம் மாறும். காற்றில் ஈரம் கூடி, உப்பு வாடை வரும். நிழல் குறையும், 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்தப் பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கடலோரம் என்பதால் வெயில் குறைவாகத் தோன்றும், வியர்வை மட்டும் நிற்காது. தண்ணீரை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டு நான்கு நாளாகப் பிரிக்க வேண்டும். யாராவது பேச்சுக் குழறி, தோல் சூடேறி, திசை தெரியாமல் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

கரியாப்பட்டினம், தோப்புத்துறை கடந்தால் வேதாரண்யம். ராஜாஜி குழு ஏப்ரல் 28 அன்று இங்கே வந்து சேர்ந்தது. வரவேற்று எல்லா ஏற்பாடுகளையும் தோளில் சுமந்தவர் வேதரத்தினம் பிள்ளை; மக்கள் அவரைச் சர்தார் என்றே அழைத்தார்கள். பிற்பாடு 1946இல் அவர் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலம் இன்றும் ஊரில் நடக்கிறது. வைரப்பன் என்ற நாவிதருக்கும் இங்கே நினைவுத்தூண் இருக்கிறது. சவரம் செய்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்தவர் அவர். மிச்சத்தையும் முடிக்கும்படி நீதிமன்றத்தில் சொன்னபோதும் மறுத்தார், சிறைக்குப் போனார். நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள் பெரிய தலைவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு அந்தத் தூணைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

உப்பு அள்ளிய இடத்தின் நினைவுத்தூண் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, அகஸ்தியம்பள்ளியில். 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு எடுத்த ராஜாஜி கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். அவருக்குப் பிறகும் தொண்டர்கள் அணி அணியாக வந்து உப்பு எடுத்தார்கள். இங்கே பங்கேற்ற ருக்மிணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்ற பெருமைக்கு உரியவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று இதே இடத்தில் உப்பு அள்ளி நினைவு கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் வண்டியில் வந்து கலந்துகொள்வது, கோடையில் நடக்க முடியாதவர்களுக்கு நல்ல வழி.

தூணைச் சுற்றி உப்பளம். ஆண்டுத் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்து உப்பு வார ஆரம்பித்திருப்பார்கள். அவர்கள் வேலை விடியலிலேயே தொடங்கிவிடும், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். பாத்தி வரப்பில் கேட்காமல் ஏற வேண்டாம். ஒரு காலடியில் சேறு கலந்தால் அந்த இடத்து உப்பு வீண். அனுமதி கேட்டால் பெரும்பாலும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மாசிக்குள் வந்துவிட்டால் கோடியக்கரையில் பூநாரைகளையும் பார்க்கலாம். வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதை நடக்க வேண்டியதில்லை, பேருந்து இருக்கிறது.

ஊர் திரும்ப, அகல ரயில்பாதையாக மாற்றப்பட்ட திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி தடத்தில் 2023 ஏப்ரல் முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. நான்கு நாள் நடந்த தூரத்தை அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே கடந்துவிடும். ஆனால் வண்டிகள் குறைவு. கிளம்பும் நேரத்தையும் அன்று ரயில் உண்டா என்பதையும் முந்தைய நாளே வேதாரண்யம் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளவும்.